‘அழுங்குக்குப் பல் இல்லை’ என்று எழுதிய பிள்ளைக்கு

கேள்வி: டீச்சர், நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறேன். மகன் தரம் 3 படிக்கிறான். எழுத்துக் கூட்டாமல் நன்றாகவே வாசிக்கிறான். ஆனால் வாசித்த பந்தியின் மையக்கருத்தைக் கேட்டால் பிழையாக எழுதுகிறான். போன கிழமை அழுங்கைப் பற்றி ஒரு பந்தி. ‘அழுங்குக்குப் பல் இல்லை’ என்று எழுதிப் பிழை வாங்கிக்கொண்டு வந்தான். டியூசன் சேர் ‘முதல் வாக்கியத்தை எழுதிவிடு’ என்கிறார். அப்படி எழுதினால் சில நேரம் சரி, சில நேரம் பிழை. நான் சாதாரண தரம் வரைதான் படித்தேன். மையக்கருத்து என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க எனக்கே தெரியவில்லை. இன்னும் இரண்டு வருடத்தில் புலமைப்பரிசில் பரீட்சை வேறு இருக்கிறது. பிள்ளைக்கு மண்டையில் ஏறவில்லையா? பந்தியையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குங்கள். பிள்ளைக்கு நன்றாகவே மண்டையில் ஏறியிருக்கிறது. பந்தியை வாசித்திருக்கிறான். அவனுக்கு அது விளங்கியிருக்கிறது. அதிலே தனக்கு ஆச்சரியமாகப் பட்ட ஒன்றைப் பிடித்து மனதில் வைத்திருக்கிறான். பல்லே இல்லாத ஒரு மிருகம்! எட்டு வயதில் எனக்கும் அதுதான் நினைவில் நின்றிருக்கும். கேட்ட கேள்விக்கு அது விடை இல்லை, அவ்வளவுதான். ஆனால் அங்கிருந்து சரியான விடைக்கு இரண்டே எட்டு. அந்த இரண்டு எட்டையும் வைக்க அவனுக்கு யாரும் கைகொடுக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய பந்தியை மற்ற அம்மாமாரும் பார்க்கட்டும் என்று இங்கே தருகிறேன்:

“அழுங்கு இரவில் இரை தேடும் விலங்கு. எறும்புகளும் கறையான்களுமே அதன் உணவு. அதன் முன்னங்கால்களில் உள்ள வலிய நகங்கள் புற்றைக் கிளற உதவுகின்றன. அதன் நீண்ட நாக்கில் பசைபோன்ற உமிழ்நீர் இருப்பதால் எறும்புகள் ஒட்டிக்கொள்கின்றன. அழுங்குக்குப் பற்கள் இல்லை.”

டியூசன் சேர் சொன்னபடி முதல் வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். ‘அழுங்கு இரவில் இரை தேடும் விலங்கு.’ அதற்குப் பிறகு வரும் நாலு வாக்கியத்தில் ஒன்றாவது இரவைப் பற்றிப் பேசுகிறதா? இல்லை. இரவு என்ற சொல் வந்த வேகத்தில் போய்விட்டது. மையக்கருத்து சில பந்தியில் முதல் வாக்கியமாக இருக்கும், சிலதில் கடைசியில் இருக்கும், சிலதில் எந்த வாக்கியத்திலும் எழுதப்பட்டிருக்காது. உங்கள் பந்தி மூன்றாவது வகை. ‘எறும்பையும் கறையானையும் தின்பதற்கு ஏற்றபடி அழுங்கின் உடல் அமைந்திருக்கிறது’ என்பதுதான் இதன் மையக்கருத்து. இந்த வாக்கியம் பந்தியில் எங்கேயும் இல்லை. பிள்ளைதான் கட்ட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது லேசான வேலை கிடையாது, தங்கச்சி.

அந்தச் சேரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் நானும் கரும்பலகையில் ‘முதல் வாக்கியத்தைப் பார்’ என்று எழுதிப் போட்டவள்தான். அதை அழிக்க எனக்கு நாலைந்து வருடம் பிடித்தது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

மிருகங்களைப் பற்றிய பந்தியில் மட்டும் பிள்ளைகள் ஏன் அதிகம் வழுக்குகிறார்கள் என்றால், நம் வீட்டுப் பிள்ளைகள் மிருகங்களைக் கதையில்தான் முதலில் சந்திக்கிறார்கள். அம்மாயி சொல்லும் கதையில் நரி வரும், காக்கா வரும், பேசும், ஏமாற்றும், கடைசியில் ஒன்று நடக்கும். அந்தக் கடைசிதான் கதைக்கு உயிர். அதையே பழகிய பிள்ளை, தகவல் சொல்லும் பந்தியிலும் ‘பெரிசா என்ன வருது’ என்று பார்த்துக்கொண்டே போகிறான். கடைசி வரியில் ‘பற்கள் இல்லை’ என்று வந்ததும், இதுதான் முடிவு என்று பிடித்துக்கொள்கிறான். அழுங்குப் பந்தியில் கதையும் கிடையாது, முடிவும் கிடையாது. இரவைப் பற்றிய முதல் வாக்கியத்தை விட்டால், மற்ற நாலும் சேர்ந்து ஒரே விசயத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. இந்த வித்தியாசத்தை அவனுக்கு வாயால் சொல்லிக்கொடுங்கள்: ‘இது கதை இல்லடா, அழுங்கு எப்படின்னு சொல்லுறாங்க.’ இவ்வளவு போதும்.

இனி அந்த இரண்டு எட்டு. முதலாவது, ‘எதைப் பற்றி எழுதியிருக்கு?’ என்று கேளுங்கள். ‘அழுங்கைப் பற்றி’ என்பான். பல பிள்ளைகள் இங்கேயே நின்றுவிடுவார்கள், பல பெற்றோரும் திருப்திப்பட்டுவிடுவார்கள். அது வெறும் பெயர். இரண்டாவது கேள்வி, ‘அழுங்கைப் பற்றி என்ன சொல்லுறாங்க?’ இங்கேதான் அவன் மறுபடியும் ‘பல் இல்லை’ என்பான். சொல்லட்டும். ‘அது இல்லை, வேற யோசி’ என்று தட்டிவிடாதீர்கள். அவன் பிடித்து வைத்திருக்கும் அந்தப் பல்லையே கயிறாகப் பிடித்து ஏறுங்கள். அந்த விசயத்தை எதற்காக எழுதியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்ட போதெல்லாம் ஏறத்தாழ இப்படித்தான் போகும்:

“பல்லு இல்லைன்னு எதுக்குச் சொல்லியிருக்காங்க?”

“தெரியல.”

“பல்லு இல்லாம எப்படித் திங்கும்?”

“நாக்குல ஒட்டிக்கும். அப்படியே முழுங்கிரும்.”

“அப்ப நகம் எதுக்கு?”

“புத்த ஒடைக்க.”

“நகம், நாக்கு, பல்லு... எல்லாம் எதுக்காக அப்படி இருக்கு?”

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருங்கள். ரொம்ப நேரம் போல இருக்கும், பிள்ளை கூரையைப் பார்ப்பான், காலை ஆட்டுவான். நீங்களே சொல்லிவிடாதீர்கள். ‘எறும்பு திங்கிறதுக்கு!’ என்று அவனாகவே சொல்லும்போது முகத்தைப் பாருங்கள். நகம், நாக்கு, பல் மூன்றும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேருவதை அவனே கண்டுவிட்டான். ‘அப்ப முழுசா ஒரு வாக்கியத்துல சொல்லு’ என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவன் பேச்சிலேயே எழுதட்டும், ‘அழுங்கோட ஒடம்பு எறும்பு திங்கிறதுக்கு ஏத்த மாதிரி இருக்கு’ என்று. அதைப் புத்தகத் தமிழுக்கு மாற்றுவது பிறகு செய்கிற சின்ன வேலை.

‘அப்ப மெல்லாம முழுங்கினா வயிறு வலிக்காதா?’ என்று அவன் கேட்கக்கூடும். கேட்டால் சொல்லுங்கள்: அழுங்கின் இரைப்பைச் சுவர் தடிப்பும் பலமும் உள்ளது, விழுங்கும் சின்னக் கற்களோடு சேர்ந்து எறும்பெல்லாம் அங்கேதான் அரைபடுகிறது. கோழியின் குடலைச் சுத்தம் செய்யும்போது மண்ணும் கல்லுமாய் ஒரு பை வருமே, அதைக் காட்டினால் உடனே விளங்கிவிடும்.

வாசிப்பில் தடுமாறும் இந்தப் பிள்ளைகளே பேச்சில் மையக்கருத்தை எவ்வளவு லாவகமாகப் பிடிக்கிறார்கள் என்பதை ஒருநாள் நேரிலே பார்த்தேன். நான் படிப்பித்த தோட்டப் பாடசாலை மேட்டு லயத்துக்கு, அதாவது மேட்டில் இருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பக்கத்தில். கீழே பள்ளத்தில் பணிய லயம். இடைவேளையில் ஒரு பையனிடம் பெரியம்மா வந்து சேதி சொன்னார். மேமலையில் இன்னும் கொழுந்து கிடக்கிறது, லொறி வரப் பிந்தும், நிறுத்து முடிய இருட்டிவிடும், அம்மா வர நேரமாகும், அதனால் அக்காவைச் சோறு ஆக்கி வைக்கச் சொல்லு என்று நீளமாக ஒரு சேதி. பையன் மேட்டு விளிம்பில் போய் நின்றான். பனி கீழே இறங்கிக்கொண்டிருந்தது, பணிய லயத்தின் தகரக் கூரை பாதிதான் தெரிந்தது. இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கூப்பிட்டான்: “அக்கோவ்! அம்மா வர நேரமாகுமாம்! சோத்த வச்சிரு!”

லொறி இல்லை, நிறுவை இல்லை, மேமலை இல்லை. வேண்டாததையெல்லாம் விட்டுவிட்டு வேண்டியதை மட்டும் கூப்பிட்டான். அன்று காலையில்தான் மையக்கருத்துக் கேள்விக்கு அவன் கொப்பியில் நான் பிழை போட்டிருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து வகுப்பில் பந்தி வாசித்து முடித்ததும் ‘மையக்கருத்து என்ன?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். ‘பணிய லயத்துல இருக்கிற அக்காவுக்கு இந்தப் பந்தியைக் கூப்பிட்டுச் சொல்லு’ என்றேன். மூச்சு ஒன்றுதான், ஒரு வாக்கியம்தான் கீழே போய்ச் சேரும். பிள்ளைகள் எழுந்து நின்று கையைக் குவித்துக் கூப்பிட்டார்கள். ‘அழுங்கு!’ என்று மட்டும் ஒருவன் கூப்பிட்டால் மற்றவர்களே சிரிப்பார்கள்: ‘அழுங்குக்கு என்னவாம்?’ ‘பல்லு இல்லையாம்!’ என்றால், ‘அப்ப நகம்?’ என்று இன்னொருத்தி கேட்பாள். திருத்துகிற வேலையை வகுப்பே பார்த்துக்கொண்டது. உங்கள் வீட்டிலும் இதையே செய்யுங்கள். அவன் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நிற்கட்டும், நீங்கள் அடுப்படியில் இருந்துகொண்டு ‘கேக்கல, சுருக்கமாச் சொல்லு’ என்று சொல்லுங்கள். ரொட்டி தட்டிக்கொண்டே செய்யலாம், தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

கொஞ்சம் பழகிய பிறகு இன்னொன்று. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு பந்தியின் வாக்கியங்களைத் தனித்தனியாக எழுதி வெட்டுங்கள். அதோடு வேண்டுமென்றே ஒட்டாத ஒரு வாக்கியத்தையும் சேருங்கள். உதாரணமாக, அழுங்கின் ஐந்து வாக்கியத்தோடு ‘அழுங்குக் குட்டி தாயின் வாலில் ஏறிக்கொண்டு போகும்’ என்று ஒரு துண்டு. உண்மையான விசயம்தான், அழகான விசயமும்தான். ஆனால் தின்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆறு துண்டையும் நிலத்தில் பரப்பிவிட்டு, ‘இதுல எது இந்தக் கூட்டத்தைச் சேராதது?’ என்று கேளுங்கள். குட்டியைக் கையில் எடுக்க அவனுக்கு மனசு வராது. ‘இது நல்லா இருக்கே’ என்பான். ‘நல்லாத்தான் இருக்கு. எறும்பு திங்கிறதைப் பற்றியா சொல்லுது?’ என்று கேட்டால் எடுத்துத் தனியே வைப்பான். இரவைப் பற்றிய வாக்கியத்தையும் அவன் தனியே வைத்தால் தடுக்காதீர்கள், அவன் சரியாகத்தான் யோசிக்கிறான். பிடித்த விசயமும் முக்கியமான விசயமும் வேறு வேறாக இருக்கலாம் என்பதை எத்தனை தரம் வாயால் சொன்னாலும் இந்தத் துண்டைத் தூக்கி வைத்தது மாதிரி பதியாது.

புலமைப்பரிசிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பந்திக்குப் பொருத்தமான தலைப்பைத் தெரிவு செய்யச் சொல்லும் கேள்விகளுக்கும் இதே பழக்கம்தான் உதவும். மூன்று தலைப்பைக் கொடுத்து, சட்டை போட்டுப் பார்ப்பது மாதிரி பார்க்கச் சொல்லுங்கள். ‘இலங்கையின் விலங்குகள்’ அழுங்குக்குத் தொளதொள. ‘பல் இல்லாத விலங்கு’ இறுக்கம், நகமும் நாக்கும் வெளியே நிற்கின்றன. ‘எறும்பு தின்னும் அழுங்கு’ அளவாக இருக்கிறது. தரம் 3 இல் இருக்கும் பிள்ளையை வினாத்தாள் புத்தகத்தின் முன்னால் உட்கார வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. இப்போது பழகினால் அப்போது தானாக வரும்.

ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள். சில நேரம் பிள்ளை பிழை விடுவது மையக்கருத்தில் அல்ல, சொல்லில். பல வருடத்துக்கு முன் என் வகுப்பில் சிறுத்தையைப் பற்றி ஒரு பந்தி வாசித்தோம். தாய்ச் சிறுத்தை குட்டிகளைப் புதருக்குள் ஒளித்து வைக்கும், இரை தேடப் போகும்போது அவற்றைத் தனியே விட்டுப் போகும், ஆபத்து என்று பட்டால் ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறிடத்துக்கு மாற்றும் என்று அதில் இருந்தது. ஒரு பிள்ளை மட்டும் ஒன்றும் எழுதாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மெதுவாகக் கேட்டாள்: “டீச்சர், சிறுத்தைன்னா பூனை மாதிரியா?” அதற்கு முந்திய கிழமைதான் அவளுடைய அப்பா கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் ‘புலி’யைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருந்தார். தோட்டத்தில் அதற்குப் புலி என்றுதானே பேர். நம் காட்டில் வரிப்புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. இருக்கிற பெரிய வேட்டை மிருகம் சிறுத்தைதான், அதைத்தான் நாம் புலி என்கிறோம். ‘அப்பா பார்த்த புலிதாம்மா புத்தகத்துல சிறுத்தை’ என்றேன். கண் விரிந்தது. பந்தியை மறுபடி ஒருதரம் விரலால் தடவிக்கொண்டே வாசித்தாள். பிறகு கொப்பியில் எழுதினாள்: ‘புலி குட்டிகளைப் பத்திரமாக வைத்துத்தான் வளர்க்கும்.’ வகுப்பிலேயே அதுதான் ஆகச் சிறந்த விடை.

நம் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு தமிழ், புத்தகத்தில் ஒரு தமிழ். பந்தியைத் தொடங்குமுன் ‘இந்த மிருகத்தை நாம என்ன சொல்லுவோம்?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாதிக் கஷ்டம் அங்கேயே தீரும்.

அந்தச் சிறுத்தைப் பந்தியைப் பற்றி இன்னொரு விசயம். தேயிலைச் செடிக்கு அடியில் சிறுத்தைக் குட்டிகள் கிடந்த செய்தி நம் பகுதியில் புதிதில்லை. ‘அம்மா இல்லாம கெடக்குது, பாவம்’ என்று பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வரப் பார்ப்பார்கள். சிறுத்தைக்கு உடம்பில் புள்ளி இருக்கும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு அந்த நேரத்தில் அது உதவாது. தாய் இரை தேடத்தான் போயிருக்கிறது, திரும்பி வரும் என்பதைப் பிடித்துக்கொண்ட பிள்ளை குட்டியைத் தொடாமல் விலகி வந்து பெரியவர்களிடம் சொல்லும். பெரியவர்கள் வனசீவராசிகள் திணைக்களத்துக்குத் தெரிவிப்பார்கள். மையக்கருத்து என்பதைப் பரீட்சைக்கான ஒன்றாக மட்டும் நான் நினைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் படிப்பைப் பற்றிக் குறைவாக எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன எதற்கும் சாதாரண தரம் வரை கூடத் தேவையில்லை, தங்கச்சி. வாசிக்கவே தெரியாத அம்மாயிமார் பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிட்டு, ‘அதுக்கு என்னவாம்?’, ‘ஏனாம்?’ என்று கேட்டே பிள்ளைகளை ஆளாக்கியதைப் பார்த்திருக்கிறேன். மலையிலிருந்து வந்து படங்கை அவிழ்த்து வைத்த களைப்பில் தினமும் முடியாது, எனக்குத் தெரியும். கிழமையில் மூன்று நாள், பத்து நிமிசம். களைத்திருக்கும் நாளில் அவன் வாசிக்க வேண்டாம், நீங்கள் வாசியுங்கள், அவன் கேட்டுவிட்டுக் கூப்பிடட்டும். வாசிக்கிற பாரம் இறங்கினால் யோசிக்க அவனுக்கு இடம் கிடைக்கும்.

வகுப்பு டீச்சரிடமும் ஒருதரம் பேசுங்கள். சண்டைக்கு அல்ல. ‘பிழை போடும்போது, ஏன் அப்படி எழுதினாய் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் டீச்சர்’ என்று மட்டும் சொல்லுங்கள். நாற்பது கொப்பி திருத்தும் கைக்கு அது கஷ்டம்தான். ஆனால் பல டீச்சர்மார் அதை விரும்பியே செய்வார்கள்.

கடைசியாக, மகனுக்கு ஒரு பந்தி எழுதி அனுப்புகிறேன். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்கள் புல்வெளியில் பார்த்திருப்பார்களே, அந்த மரையைப் பற்றியது.

“மரை பகலில் பெரும்பாலும் காட்டுக்குள் மறைந்திருக்கும். பொழுது சாயும் வேளையில் புல்வெளிக்கு வரும். மேயும்போதும் அதன் பெரிய காதுகள் சத்தம் வரும் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். சிறுத்தையின் வாடை பட்டால் முன்னங்காலைத் தரையில் உதைக்கும். உரத்துக் குரல் கொடுக்கும். அதைக் கேட்டதும் மற்ற மரைகளும் உசாராகிவிடும். ஆண் மரையின் கொம்பு விழுந்து மீண்டும் முளைக்கும்.”

இதில் ஒட்டாத வாக்கியம் ஒன்று இருக்கிறது. விடையை நான் எழுதவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். பணிய லயத்துக்கு அவன் என்ன கூப்பிட்டான் என்று அவன் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
டீச்சர்